இருபத்தைந்து கிராம்

கதவைத் திறந்தால் உப்பு.
கண் எட்டும் மட்டும் உப்பு, அதற்கப்பால்
கண் கூசி மூடிக்கொள்ளும் இடத்திலும் உப்பு.
ஆனாலும் நான்
எங்கோ ஒரு நகரத்திலிருந்து பஸ்ஸில் வந்த
பாக்கெட் உப்பைத்தான் கத்தரித்துக் கொட்டுகிறேன்.
மூட்டை கட்டும் ஆட்கள் சிரிக்கிறார்கள்:
"தொரீபியா, ஆற்றில் நின்றுகொண்டு
தண்ணீர் விலைக்கு வாங்குகிறாயே!"

சிரிக்கட்டும்.
எங்கள் உப்பில் மக்னீசியம் அதிகம்.
மூன்றே நாளில் தகட்டின் மேல்
கெட்டிலின் அடிபோல வெள்ளை படியும்.
வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போட வேண்டும்.
அந்த ராத்திரி பார்த்துத்தான் யாராவது வருவார்கள்.

லிட்டருக்கு இருபத்தைந்து கிராம்.
தராசு பழுதான நாளில்
தயிர்க் கோப்பையில் நான் கீறிய கோடு வரை.
கரை, வடிகட்டு, ஜன்னலைத் திற.
ஹைட்ரஜன் கிளம்பும் அறை இது;
சிகரெட்டோடு வருகிறவன்
மேயராகவே இருந்தாலும் வாசலோடு சரி.
சுவிட்சைப் போட்டதும்
ஒரு குமிழ்.
பிறகு ஒன்று, யோசித்து.
பிறகு கருந்தகடு முழுக்க
யாரோ உள்ளேயிருந்து ஊசி குத்துவதுபோல.

நீச்சல் குளத்து வாசம் என்பார் டாக்டர்.
நான் நீச்சல் குளம் பார்த்ததில்லை.
எனக்கு இது பிரசவ அறையின் வாசம்.
என் மகனுக்கோ
அம்மா பிட்டுத் தரும் ரொட்டியின் வாசம்;
முகம் சுளித்தபடியே தின்பான்.

சம்பளப் பட்டியலில் நான் கடைசி வரி.
உப்புக்குச் சப்பாணி
என்றுதான் என்னையே நினைத்திருந்தேன்,
அந்தப் பிப்ரவரி வரைக்கும்.

மூன்று நாள் மழை.
உப்புவெளி மேல் ஒரு சாண் தண்ணீர்,
அதில் வானம், வானத்தில் மேகம்,
சோலார் தகட்டில் ஒன்றுமில்லை.
நாலு மணி நேரம் ஓட வேண்டிய இயந்திரம்
ஒன்றரையில் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றது.
சோதனைத் தாளை முக்கினேன்:
வெளிறிய ஊதா, வெட்கப்பட்டதுபோல்.
பழைய பாட்டில் இருந்தது.
வெயிலில் விட்டு வைத்தது நான்தான்.
அதில் தாள் நிறமே மாறவில்லை.

அப்போதுதான் வந்தது உப்பு லாரி.
மூட்டைகளுக்கு நடுவே, தார்ப்பாய்க்குக் கீழே
நெமேசியா, பனிக்குடம் உடைந்து.
நர்ஸ் கசிமீரா கேட்டது ஒன்றே ஒன்று:
"தண்ணீர் எவ்வளவு இருக்கிறது?"

"பாதி" என்றேன்.
பாதி லிட்டர் அல்ல, பாதி பலம்.
இரண்டு தடவை துடைத்து
இரண்டு மடங்கு நேரம் காயவிட்டோம் மேசையை.
தரை? வாளிகள்? பின்னால் வரப்போகும் ரத்தம்?

வெளியே அவள் புருஷன் எவாரிஸ்தோ
என்ஜினை அணைக்கக்கூட மறந்து நின்றிருந்தான்.
அந்தச் சத்தம்தான் எனக்கு யோசனை சொன்னது.
லாரிக்கு இரண்டு பேட்டரி. நமக்கு ஒன்று போதும்.
"ஒன்றில் மட்டும் மாட்டு. சிவப்பு பிளஸ்ஸில்.
மாறினால் தகடு செத்தது."
அவன் கை நடுங்கியது, மழையால் மட்டுமல்ல.
கம்பியை வாங்கி நானே கவ்வ வைத்தேன்.
ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தேன்.

ஒரு குமிழ்.

இரண்டரை மணி நேரம் அவன்
ஆக்சிலேட்டரை மிதித்தபடியே இருந்தான்,
ஓரிடத்தில் நின்றுகொண்டு
உயுனி வரை ஓட்டியதுபோல.
குழந்தை அழுதபோது அவனுக்குக் கேட்கவில்லை.
நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.
ஒரு கையில் சோதனைத் தாள், கத்தரிக்காய் நிறத்தில்;
அதைத்தான் முதலில் காட்டியிருக்கிறேன், மடச்சி.
"பெண்ணா?" என்றான் தாளைப் பார்த்து.

விடியும் முன் தரையைக் கழுவினேன்.
போகும்போது காசு நீட்டினான்; வாங்கவில்லை.
இரண்டு மூட்டை உப்பை இறக்கி
இயந்திர அறை வாசலில் வைத்துவிட்டு,
"இனி உனக்குக் குறையே இல்லை" என்றான்
அவ்வளவு பெருமையாக.
அவனிடம் போய் மக்னீசியத்தைப் பற்றி
என்ன சொல்ல?

ஒன்று சமையலுக்குப் போனது.
மற்றது இன்னும் அங்கேயே இருக்கிறது,
காற்று அறைந்து சாத்திவிடாதபடி
கதவுக்கு முட்டுக் கொடுத்து.
ஹைட்ரஜன் அதைத் தாண்டித்தான் வெளியே போகிறது.