முப்பத்திரண்டாவது இலக்கம்

வெட்டுப்புள்ளி வந்த அன்று
வீட்டுக்கு வந்தவர்கள் முதலில்
பட்டணத்துப் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னார்கள்.
வாழ்த்தைப் பிறகு சொன்னார்கள்.

யதுர்சிகாவுக்கு நாலு புள்ளி கூட.
அந்த நாலு புள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு
நானும் அவரும்
மூன்று கிழமையாக நித்திரை கொள்ளவில்லை.

அங்கே கெட்டிக்காரருக்குத் தனி வகுப்பாம்.
விஞ்ஞானம் ஆங்கிலத்திலாம்.
ரோபோ செய்கிறார்களாம்.
போன முறை ஒரு பொடியன் ஜப்பானுக்கே போனானாம்.
ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர் என்பது
கடைசியில் ஒட்டிக்கொள்ளும் இந்த 'ஆம்'தான் போல.

எங்கள் பள்ளிக்கும் பெயர் உண்டு.
மூன்று வருடத்துக்கு முன் பரீட்சை நடக்கும்போது
யாரோ குளவிக்கூட்டுக்குக் கல்லெறிந்தான்.
இன்னும் அந்தப் பெயர்.
நான் அங்கே விஞ்ஞானம் படிப்பிக்கிறேன்,
ஆறு தொடக்கம் ஒன்பது வரை.
வந்தவர்களுக்கு அது தெரியும்.
தெரிந்தபடியால் அதைப் பற்றிக் கதைக்காமல்
தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

அவர் கமநல நிலையத்தில் வேலை.
உரப் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் பார்த்தார்.
வான் காசு.
இரண்டு சோடி சப்பாத்து, மழைக்கு ஒன்று.
விடிய அஞ்சே காலுக்கு வெளிக்கிட வேண்டும்,
வழியில் யானை நின்றால் கடவுள் விட்ட வழி.
'நன்கொடை' என்று எழுதினார்,
தொகையை எழுதவில்லை.
பேனையை மூடி வைத்துவிட்டு
"நீ என்ன சொல்றாய்?" என்றார்.
ஒன்பது வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்று கத்திய எனக்கு
அப்போது குரல் வரவில்லை.

மண்முனைப் பாலத்தில் காலையில் பார்க்கலாம்.
மேற்கே வரும் பஸ்ஸில் ஆசிரியர்கள்,
கிழக்கே போகும் வானில் பிள்ளைகள்.
நடுப்பாலத்தில் ஒன்றையொன்று கடக்கும்.
ஒருவருக்கொருவர் கை காட்டுவதில்லை.

ஒரு நாள் அரைநாள் லீவு எடுத்துப் போய்
அந்தப் பெரிய வாசலுக்கு எதிரில்,
குளிர்பானக் கடையின் நிழலில் நின்றேன்.
ஒன்றரைக்கு மணி அடித்தது.
தனி வகுப்புப் பிள்ளைகள் எந்தப் பிள்ளைகள் என்று
எவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லை.
எல்லாரும் பசியோடு வந்தார்கள்.
ஒருத்தி மட்டும் நடந்தபடியே
தண்ணீர்ப் போத்தலை வெயிலுக்கு நேரே பிடித்து
உள்ளே எதையோ பார்த்துக்கொண்டு போனாள்.
அவளுக்காகவேனும் அனுப்பலாம் என்று நினைத்தேன்.

அன்று பின்னேரம் கொக்கட்டிச்சோலைச் சந்தையில்
இறால் நிறுக்கக் காத்து நிற்கிறேன்,
துவாரகனின் தாய் வந்தாள்.
அவனுக்கு எழுபத்தொன்று.
"எங்கட பொடியன் உங்கட வகுப்புக்குத்தான் டீச்சர் வாறான்.
உங்கட மகளும் இருப்பா, என்ன?
அவனுக்கும் ஒரு போட்டியாப் போகும்."
குத்திக்காட்டவில்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை.
"ஓம்" என்று விட்டேன்.
மிச்சக் காசை எண்ணாமல் வந்தேன்.

இரவு யது வெங்காயம் உரித்துத் தந்தாள்.
மெல்லிய தோலை விளக்குக்கு நேரே பிடித்து,
"இதுக்குள்ள உண்மையாவே கட்டம் கட்டமா இருக்குமா அம்மா?
நீங்க பாத்திருக்கீங்களா?"
கம்பசில் ஒரு தரம் பார்த்தேன்.
பிறகு ஒவ்வொரு வருடமும் பலகையில் கீறியிருக்கிறேன்,
நீலச் சோக்கால், அழகாக.
நுணுக்குக்காட்டி அலுமாரிக்குள் இருக்கிறது.
உடைந்தால் பதில் சொல்ல வேண்டும் என்று
நான் அதன் திறப்பைக் கேட்டதே இல்லை.
"எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனா பாக்கலாம்?"

திங்கட்கிழமை கேட்டேன்.
அதிபர் லாச்சியைக் கவிழ்த்து
மூன்று கோர்வைத் திறப்புகளையும் மேசையில் போட்டார்.
எது எதற்கென்று அவருக்கும் தெரியாது.
இடைவேளைக்குள் பதினாலு திறப்பைப் போட்டுப் பார்த்தேன்.
இன்னும் ஒரு கோர்வை கிடக்கிறது.

விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
அவர் கையெழுத்து வைத்துவிட்டார்,
என்னுடைய இடம் வெறுமையாக இருக்கிறது.

ஆறாம் ஆண்டு இடாப்பில்
முப்பத்தொரு பெயர் எழுதியாயிற்று.
கடைசி, துவாரகன்.
அதன் கீழே
முப்பத்திரண்டு என்று
பென்சிலால் போட்டு வைத்திருக்கிறேன்.