நான்காம் எண் லிஃப்ட்

பிப்ரவரி மூன்றாம் தேதி ஆய்வு முடித்தேன்.
அன்றே கதவில் பலகை மாட்டிவிட்டேன்:
தற்காலிகமாக இயங்காது.
மிச்சம் இருந்தது அறிக்கை. ஒரே பக்கம்.
அந்த ஒரு பக்கத்திலும் ஒரு சொல்லைத்தான் மாற்ற வேண்டும்.

அதை எழுதாமலிருக்க நான் செய்த வேலைகளுக்காக
கிடினியா நகராட்சி என்னை மெச்சியது.

முதலில் சாவிகள்.
இருநூற்றுப் பதினாறு இயந்திர அறைகளின் சாவிகள்
ஒரு பிஸ்கட் டப்பாவில் ஒன்றோடொன்று சண்டையிட்டுக் கிடந்தன.
ஒவ்வொன்றாய் மண்ணெண்ணெயில் துடைத்து
தெருப்பெயர் எழுதிய வட்ட அட்டை கட்டினேன்.
பித்தளைக்கு நீல நூல், இரும்புக்குச் சிவப்பு.
ஜன்னலுக்கு வெளியே டிராலிபஸ்கள்
கம்பியை உரசிக்கொண்டு போனது கேட்டது,
இரண்டு மதியங்கள் போனது கேட்கவில்லை.
எந்தப் பூட்டுக்கும் சொந்தமில்லாமல் ஏழு மிஞ்சின.
அந்த ஏழையும் தனி நூலில் கோத்தபோது வந்த நிறைவு
எந்தச் சம்பள நாளிலும் எனக்கு வந்ததில்லை.

பிறகு கெட்டிலில் படிந்த சுண்ணாம்பு.
பிறகு இரண்டு வருடமாய்ப் பதில் போகாத கடிதங்கள்.
'உங்கள் லிஃப்ட் நள்ளிரவில் பெருமூச்சு விடுகிறது'
என்று எழுதியிருந்த ஒருவருக்கு
கதவு ரப்பர், காற்றழுத்தம், கடலின் ஈரம் என
மூன்று பக்கம் விளக்கினேன், படம் வரைந்து,
படத்துக்கு நிழலும் தீட்டி.

"இந்த மாதம் உனக்கு என்ன வந்தது, போகுமில்?
பம்பரமாய்ச் சுழல்கிறாயே"
என்றார் மேலதிகாரி வியெஸ்வாவா.
பம்பரமும் நின்ற இடத்தில்தான் சுழல்கிறது.
அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

பக்கத்து மேசை ரிஷார்துக்கு மட்டும் தெரியும்.
ரொட்டியை மென்றுகொண்டே
"அந்த நாலு?" என்பான்.
நான் உடனே
எந்தப் பேனா எழுதுகிறது, எது எழுதவில்லை என்று
சோதிக்கத் தொடங்கிவிடுவேன்.

சரி, சொல்கிறேன்.
அங்கே பத்தாம் மாடியில் சேவெரின் இருக்கிறார்.
துறைமுக இசைக்குழுவில் டூபா வாசிப்பவர்.
வாத்தியம் பத்து கிலோ. இடது முழங்கால் எஃகு.
நான் பலகை மாட்டும்போது பக்கத்தில் நின்று படித்தார்.
"தற்காலிகம்தானே," என்றார்,
"அப்படியென்றால் ஏறிவிடலாம்."
ஏறினார்.
ஒவ்வொரு திருப்பத்திலும்
டூபா சுவரில் இடித்த சத்தம்
கீழே என் காதுவரை இறங்கி வந்தது.
புது லிஃப்டுக்குப் பதினான்கு மாதம் ஆகும்.
இது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.
நான் சாவி துடைத்த நாளெல்லாம்
அவருடைய அந்த ஒரு சொல்லைத்தான்
உயிரோடு வைத்திருந்தேன் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
பொய். எழுதப் பயம், அவ்வளவுதான்.
நான் எழுதாத ஒவ்வொரு நாளும்
அந்தப் பதினான்கு மாதத்தின் வாலில்
ஒட்டிக்கொண்டிருந்தது.

இருபத்தாறாம் தேதி வியெஸ்வாவா வந்தார்.
"இவ்வளவு சுறுசுறுப்பானவனுக்குக் கொடுக்காமல்
வேறு யாருக்குக் கொடுப்பது?"
அடுத்த ஆண்டின் வரவு செலவு மதிப்பீடு.
நாற்பத்து மூன்று பத்திகள்.
திறந்து பார்த்தேன். மூடினேன்.
அந்த நிமிடத்தில்
நான்காம் எண் அறிக்கை
உரித்து வைத்த ஆரஞ்சுபோல் மேசையில் தெரிந்தது.
இருபது நிமிடம். ஒரு அடித்தல்கூட இல்லை.
'தற்காலிகமாக' போய் 'நிரந்தரமாக' உட்கார்ந்தது.

மாலையில் நானே போய்ப் பலகையை மாற்றினேன்.
சேவெரின் வெகுநேரம் அதையே பார்த்தார்.
"மூன்று வாரம் முன்பே சொல்லியிருந்தால்
தரைத்தளத்தில் இடம் தேடியிருப்பேன்" என்றார்,
கோபமே இல்லாமல்.
கோபப்பட்டிருக்கலாம்.

தரைத்தளத்தில் ஒரு சைக்கிள் அறை,
பல வருடமாய்ப் பூட்டியே கிடப்பது.
என் ஏழு சாவிகளையும் போட்டுப் பார்த்தேன்.
ஒன்றும் சேரவில்லை.
ரிஷார்த் திருப்புளியால் நெம்பித் திறந்தான்.
டூபா இப்போது
காற்றிறங்கிய இரண்டு சைக்கிள்களுக்கு நடுவே தூங்குகிறது.
முழங்கால் மட்டும் மாடி ஏறுகிறது.

மதிப்பீட்டை மார்ச் பத்துக்குள் கேட்கிறார்கள்.
முதல் பத்தியின் தலைப்பை எழுதிவிட்டேன்.
ஏழு சாவிகளுக்கும் இன்று
எண்ணெய் போட வேண்டும்.