எடைச் சீட்டு

வழவழப்பான அட்டை.
'ஓவியருடன் உரையாடல், பின் இரவு விருந்து.'
உறையின்மேல் பச்சை மையில்
'எடைமேடைக்காரர், பர்கூர் சாலை' என்று மட்டும்.
பெயர் தெரியாமலே என்னைத் தெரிந்த யாரோ.

ராயக்கோட்டை சாலையில் அந்த மாங்கூழ் ஆலை
மூடி ஆறு பருவம் ஆகிறது.
சுவருக்கு வெள்ளையடித்து விளக்கு மாட்டியிருந்தார்கள்.
தரை மட்டும் இன்னமும்
கழிவுநீர் போன பக்கமே சாய்ந்திருக்கிறது.
பார்க்க வந்தவர்கள் எல்லோரும்
தம்மை அறியாமல் மெல்ல மெல்லத்
தெற்கு மூலைக்கு வந்து சேர்ந்தோம்.
அங்கேதான் அந்தப் படம்.

இரவு. பாதிப் புளியமரம்.
தகரக் கொட்டகை. மஞ்சள் சன்னல்.
சன்னலுக்குள் ஒருவனின் முதுகு,
காலரில் மடித்துச் செருகிய கைக்குட்டை.
என் கை தானாகக் கழுத்துக்குப் போனது.
இன்று கைக்குட்டை இல்லை, இஸ்திரி போட்ட சட்டை.
மேடையில் வண்டி ஏதும் இல்லை.
கூரைமேல் மட்டும் சிவப்பாக
47380.

ஒலிபெருக்கி இரண்டு முறை கூவி அடங்கியபின்
ஹேமாவதி பேசினார்.
"எதிர் டீக்கடையில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு நின்றேன்.
அங்கே வேறு வெளிச்சமே இல்லை.
பார்த்ததை வரைந்தேன், அவ்வளவுதான்."
அவ்வளவுதான் என்றால் விடுவார்களா?
அந்த எண், மனிதன் சுமக்கும் காலம் என்றார் பேராசிரியர்.
கூட்டினால் நான்கு, ராகு என்றார் இன்னொருவர்.
பள்ளிச் சீருடையோடு வந்திருந்த சிறுமி
"கிலோவா அக்கா?" என்று கேட்டாள்.
கூடம் சிரித்தது.

கிலோதான்.
பன்னிரண்டு சக்கரம், கருங்கல் ஒரே பாளம்.
எண் அரை நிமிடம்கூட எரிந்திருக்காது,
அணைத்துவிட்டேன்.
யாரும் பார்க்கவில்லை என்பது என் கணக்கு.
அச்சு இயந்திரம் பழுது என்று சொல்லி
கையால் எழுதிய சீட்டில் 34,900.
சீட்டுப் புத்தகத்துக்கு அடியில் இரண்டு ஐந்நூறு.
ஒன்று மகளின் கண்ணாடிக்குப் போனது.
மற்றது எங்கே போனதென்று
இன்றுவரை நினைவில்லை.

பழம் கழுவிய முற்றத்தில் நீள மேசை.
எலுமிச்சை அளவில் களி உருண்டைகள்
தட்டுக்கு ஒன்றாக, அழகுக்கு.
அப்புறம் பிரியாணி.
என் இடத்தில் இருந்த அட்டையில் 'விருந்தினர்'.
எதிர் அட்டையில் 'திம்மராயன்'.
அந்தப் பாளம் அவர் குவாரிக் கல்.
இந்த விருந்தும் அவர் செலவு.
"மஞ்சள் சன்னல் படம் இனி நம்முது,
ஆபீஸ்ல மாட்டப் போறேன்" என்றார்.
சட்டகத்தின் ஓரத்தில் ஒட்டிய வட்டம்
எண்களின் அதே சிவப்பு,
போகும்போதே பார்த்திருந்தேன்.
"நீங்க எந்தத் துறை?"
"எடை."
உடம்பைக் குறைப்பதைப் பற்றி என்று நினைத்துக்கொண்டு
தன் சர்க்கரை அளவைச் சொன்னார்.

ஹேமாவதி மேசை மேசையாக வந்தார்.
"உங்க முகம் எனக்குத் தெரியாது.
கொஞ்சம் திரும்பி உட்காருங்க."
திரும்பினேன்.
முதுகில் ஒருவர் பார்ப்பது
முகத்தில் பார்ப்பதைவிடக் கனம்.
"தோளை இறக்கிப் போட்டுட்டேன்" என்றார்.
"எண் சரியா இருக்கு" என்றேன்.
அவர் ஒன்றும் கேட்கவில்லை.
திம்மராயன் முள்கரண்டியால்
ஒரு மாம்பழத் துண்டைத்
தட்டின் ஓரம்வரை துரத்திக்கொண்டிருந்தார்.

பத்தரைக்கு என் முறை.
சட்டையை மாற்றாமல் மேடையில் ஏறி நின்றேன்.
70.
வேலைக்குச் சேர்ந்த நாளிலும் இதே எழுபது.
பத்துப் பத்தாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்,
ஒரு விருந்தெல்லாம் அதன் கணக்கில் வராது.
எண்ணை அணைக்காமல் விட்டேன்.
எதிரே டீக்கடை சாத்தியிருந்தது.
ஆனாலும் பார்த்தேன்,
யாராவது நிற்கிறார்களா என்று.