மீதி இரண்டு நாள்

துக்க விடுப்பு ஐந்து நாள்.
உடன்பிறந்தாருக்கும் உண்டு என்று
கம்பெனி விதிகளின் பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது.
மூன்றைத் தீர்த்துவிட்டேன்.
மீதி இரண்டும் இந்த மாதத்தோடு காலாவதி,
அடுத்ததில் சேராது என்று
பிரேர்ணா ஒரு மஞ்சள் பூப்படத்தோடு எழுதியிருந்தாள்.
இன்று இருபத்தெட்டு. செப்டம்பருக்கு முப்பதுதான்.

அல்சூரில் மணி ஒன்பதே முக்கால்.
நயாஸ் பாதி ஷட்டரை இறக்கியிருந்தான்.
அடியில் முதலில் சக்கரம்தான் தெரிந்திருக்கும்,
"என்ன மாறண்ணா, இந்நேரத்துல" என்றவன்
என் செருப்பைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

முன் டியூப் மாற்றணும்.
பிரேக் கட்டை தேஞ்சிருக்கு.
எவ்ளோ தூரம்க்கா?
சங்கமா வரைக்கும்.
தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல வரும்,
கடைசியில ஒரே இறக்கம், ஈசிதான் என்றான்.
திரும்பி ஏறுவதைப் பற்றி
அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சீட்டை நாலு விரல் இறக்க வேண்டியிருந்தது.
கம்பியில் ஒரு கோடு:
மேலே வெயில் தின்ற கறுப்பு,
கீழே வெயில் படாத கறுப்பு.
ஆறு வருஷம் அவன் உயரம் அங்கே நின்றிருக்கிறது.
நயாஸ் திருகாணியைத் தளர்த்தி
உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினான்.
கோடு குழாய்க்குள் போய்விட்டது.

சாம்பலை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கரைத்தார்கள்.
ஒரு இன்னோவா, ஏழு ஆண்கள்.
உனக்கு இடம் இருந்திருக்காதும்மா என்று
சித்தப்பா பிறகு சொன்னார்.
ஆயிற்று பதினோரு நாள்.

போனில் ஆற்றின் மேல் விரலை வைத்து நகர்த்துகிறேன்.
நடுவே சிவனசமுத்திரம். ஒரு தடுப்பணை,
மின்சாரத்துக்குப் பிரியும் கால்வாய், அருவி இரண்டு.
எதில் விழுந்திருப்பான்?
ஒரு நாளில் தண்ணீர் எத்தனை கிலோமீட்டர் போகும்?
வீட்டில் சிவில் படித்தவன் அவன்தான்.
கேட்டால் மளிகைச் சீட்டின் பின்புறத்தில்
கிறுக்கிக் காட்டியிருப்பான், அம்பெல்லாம் போட்டு.

எனக்குத் தெரிந்த கணக்கு வேறு.
காலையில் நாற்பத்திரண்டாயிரம்.
சாயங்காலம் இருபத்தாறு.
மறுநாள் பதினொன்று. ரத்தம் ஏற்றியபின் ஒன்பது.
டெங்குதானே, வந்துவிடுவான் என்றார்கள்.
இறங்கும் எண்களை எழுதிப் பழகிய அதே நோட்டில்
கனகபுரா ஐம்பத்தைந்து, சாத்தனூர் எழுபது என்று
ஏறும் எண்களை எழுதக் கை கூசியது.

பஞ்சர் பசை. குளுக்கோஸ். ஆதார்.
அவன் மழைக்கோட்டு, தோளில் நிற்காது, பரவாயில்லை.
டூத்பிரஷ்.
குவளையில் இன்னும் மூன்று நிற்கின்றன.
பச்சையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பதினாறாம் நாள்.
அதற்குமுன் வாசல் தாண்டக்கூடாது என்று
அத்தை போனில் இரண்டு முறை சொல்லியாயிற்று.
வெள்ளி இரவுக்குள் வந்துவிடுவேன்.
வராவிட்டால் பஸ் உண்டு,
சைக்கிளை மேலே கட்டச் சொல்லலாம்.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு
எல்லாவற்றையும் பார்த்தபடி நின்றாள்.
லாரி வரும் என்று சொல்லவில்லை.
பொம்பளைப் பிள்ளை தனியாகவா என்று கேட்கவில்லை.
நான் பையின் ஜிப்போடு மல்லுக்கட்டுகையில்
சொன்னாள்:
"முதலை இருக்குமாம் அங்க.
முழங்காலுக்கு மேல எறங்காத."

எங்கே போகிறேன் என்று
நான் இன்னும் சொல்லவே இல்லை.

பதினொன்றரைக்குக் கீழே போய்
பார்க்கிங்கில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன்.
கால் எட்டுகிறது.
கியர் மட்டும் அவன் விட்ட இடத்தில்,
மேடேறப் போட்டது அப்படியே.
கடைசியாக எந்த மேடு என்று தெரியவில்லை.
மாற்றாமல் பூட்டினேன்.

அலாரம் நாலே கால்.