ஒன்றுமில்லை

எங்கள் மாடியில் நாலாம் எண் கட்டில் கிடையாது.
மூன்றுக்கு அப்புறம் மூன்று ஏ, அப்புறம் ஐந்து.
வந்த முதல் நாள் ஜோவெலின்
மாத்திரைத் தட்டோடு நாலைத் தேடி
இரண்டு சுற்று சுற்றினாள்.
டிராலியை நிறுத்திவிட்டுச் சொன்னேன்:
நாலு என்றால் சீனர் காதில் சாவு மாதிரி விழும்.
ஒரு எண்ணுக்கா இவ்வளவு என்றாள்.
எண்ணுக்கு இல்லை, ஒலிக்கு என்றேன்.

பத்தாங்காஸில் ஒன்பது வருஷம்
ஆபரேஷன் அறையில் நின்றவள்.
பினாங்கில் மறுபடி கடைக்குட்டி.
அவளைவிடச் சின்னவள் கையெழுத்துப் போட்டால்தான்
அவள் ஊசி போடலாம்.
புலாவ் தீக்கூஸ் அறையில் அவள் படுக்கும் மெத்தையில்
பகல் ஷிப்ட்காரியின் சூடு இன்னும் இருக்கும்.

மலாய் அவளை மிரட்டவில்லை.
சாக்கிட் என்றால் அவள் ஊரிலும் நோவுதான்,
அனாக் பிள்ளைதான்,
வானம்கூட இரண்டு இடத்திலும் லாங்கிட்.
தமிழில்தான் பிடிமானம் இல்லை.

மூன்று ஏயில் தவமணியம்மா, பிறைக்காரர்.
பித்தப்பை எடுத்து ஆறு மணி நேரம்.
மயக்கம் தெளியாத வாயில்
மலாயும் இல்லை, ஆங்கிலமும் இல்லை.
வலி என்றார். வலி, வலி.
ஜோவெலின் குனிந்து கேட்டாள்,
கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள்,
தாளில் பூஜ்ஜியம் எழுதினாள்.

அவள் மொழியில் வாலா என்றால்
இல்லை. ஒன்றுமில்லை.

போர்வை மாற்ற நான் போனபோது
தவமணியம்மா தலையணை உறையைக்
கடித்துக்கொண்டிருந்தார்.

மருந்து ஏறிய பிறகு
ஜோவெலின் அந்தப் பூஜ்ஜியத்தை அழிக்கவில்லை.
ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் எட்டு எழுதி,
நேரமும் பெயரும் போட்டாள்.
துணி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு
என்னைச் சொல்லச் சொல்லி
வலி, வலிக்குது, ரொம்ப வலிக்குது
என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.
நல்லவேளை, ழ எதிலும் இல்லை.

காலை. ஷிப்ட் முடிந்து பஸ் நிறுத்தம்.
அங்கேயும் இதே ஆறு மணிதான்.
போனில் அவள் மகள், பள்ளிச் சீருடையில்,
காலர் நுனியைச் சப்பிக்கொண்டு.
ஜோவெலின் என்னவோ கேட்டாள்.
வாலா போ, என்றது பிள்ளை.
மறுபடி கேட்டாள்.
வாலா போ.

போ என்பது அங்கே மரியாதையாம்.
எனக்கு விழுந்தது வேறு.
அவளுக்கும் விழுந்திருக்க வேண்டும்.
மை போகாத கையை ஒருதரம் பார்த்தாள்.
போனை என்னிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு
வார்டில் கேட்பது போலவே
பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்:
இதில் எத்தனை?

பிள்ளை வெகுநேரம் யோசித்தது.
ஒரு விரல் நீட்டியது. பிறகு இன்னொன்று.
போன் ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.
என் பஸ் வந்தது, கதவைத் திறந்து காத்தது,
போய்விட்டது.