கிளைசின் ஐம்பத்தேழு

எச்சம் என்றால் பள்ளிக்கூடத்தில்
வினையெச்சம்.
வந்து, நின்று, தொட்டு என்று ஆரம்பித்துவிட்டு
வாக்கியத்தை முடிக்காமல் போகிற சொல்.
மொட்டைமாடித் தொட்டிமேல் புறா விட்டுப்போவதற்கும்
அதே பெயர்தான்.
இங்கே, நாகமலை தெரிகிற ஜன்னலோரம்,
ஓர் அமினோ அமிலம் அடுத்ததன் தோளைப் பற்ற
ஒரு துளி நீரைக் கழற்றி வைக்கிறது.
மிஞ்சுவது எச்சம்.

என் புரதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு.
வரிசையில் நிற்கும்வரை
பக்கத்தில் நிற்பவர் மட்டுமே பக்கம்.
மடிந்து சுருண்டதும்
பதினொன்றின்மேல் நூற்று எண்பதின் மூச்சு படுகிறது.
காளவாசலில் ஏறியவளும்
கோச்சடையிலிருந்து தொங்கிக்கொண்டு வந்தவனும்
ஷேர் ஆட்டோவில் முழங்கால் இடிக்க
உட்காருகிற மாதிரி.

எது தொடுகிறது, எது தொடவில்லை?
அணுக்கள் சொல்லாது.
நாங்களாக ஒரு கோடு கிழித்துக்கொள்கிறோம்,
பீட்டா கார்பனிலிருந்து பீட்டா கார்பனுக்கு
எட்டு ஆங்ஸ்ட்ராம்.
ஏழு புள்ளி ஒன்பது ஐந்து: உறவு.
எட்டு புள்ளி பூஜ்யம் மூன்று: யாரோ.
எனக்கு இது புதுக் கணக்கு இல்லை.
பத்திரிகையில் பேர் போட வேண்டிய சொந்தம்,
போனில் சொன்னால் போதும் என்கிற சொந்தம்
என்று நோட்டுப் போட்டுப் பிரித்த வீடு எங்களுடையது.

இதில் ஒன்று மட்டும் பிடிக்கும்:
நான் உன்னைத் தொட்டால் நீயும் என்னைத் தொட்டாய்.
மூலைவிட்டத்தின் இந்தப் பக்கம் ஒரு புள்ளி,
அந்தப் பக்கமும் அதே புள்ளி.
கட்டத்தாளுக்கு வெளியே
இப்படி ஒரு நியாயத்தை நான் பார்த்ததில்லை.

நூற்று அறுபத்தொன்று, டிரிப்டோபேன்.
இருபது வகையில் பெரிய உடம்பு.
புரதத்தின் நடுவயிற்றில் கிடக்கிறது,
ஒரு பக்கம் யாருமே தொடாமல்.
அங்கே ஒரு பொந்து, ஒரு மருந்து உட்காரலாம்
என்று மூன்று மாதம் எழுதினேன்.
டவுன்ஹால் ரோட்டில் சுவரொட்டி அடித்தாயிற்று,
பளபளப்புத் தாள், எண்ணூற்றைம்பது ரூபாய்.
படத்தில் மெல்லிய வெள்ளைக் கோடுகள்,
குறுக்கும் நெடுக்கும், பத்தொன்பது.
"மைக்கோளாறு" என்றான் துளசிராம்.
எனக்கும் அது சௌகரியமாக இருந்தது.

நேற்று கரண்ட் போய் வந்தபிறகு
சும்மாதான் திரையில் அதைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.
பொந்தில்
ஆள் இருந்தது.
கிளைசின் ஐம்பத்தேழு.
டிரிப்டோபேனின் வளையத்தில் நெஞ்சை அழுத்திக்கொண்டு,
மூன்று புள்ளி ஆறு ஆங்ஸ்ட்ராமில்.

நிரலின் முப்பத்தெட்டாவது வரி:
பீட்டா கார்பன் இல்லையென்றால் தாண்டிப் போ.
எழுதியவள் நான்.
கிளைசினுக்குப் பீட்டா கார்பன் கிடையாது.
கை இருக்கவேண்டிய இடத்தில் ஒற்றை ஹைட்ரஜன்.
நீட்டக் கை இல்லாதது யாரையும் தொடாது என்று
ஒரு வரியில் தீர்த்துவிட்டேன்,
பத்தொன்பது பேருக்கும் சேர்த்து.
கை இல்லாததால்தான்
அந்த இடுக்கில் அது மட்டும் பொருந்துகிறது.
வேறு எது வந்தாலும் இடிக்கும்.

கிளைசின் என்றால் ஆல்ஃபாவிலிருந்து அள.
ஒரே வரி.
கேன்டீனில் டீ ஆறுவதற்குள் ஓடி முடிந்துவிட்டது.
அறுநூற்று நாற்பத்தொன்றாக இருந்த தொடுகைகள்
எழுநூற்று ஆறு.

"அப்போ மருந்து?" துளசிராம் போனில் கேட்டான்.
"இடம் இல்லை. ஆள் இருக்கு."
அவன் சிரித்தான்,
பிறகு எண்ணூற்றைம்பதை நினைத்து
சிரிப்பை நிறுத்தினான்.

பெரியார் போகிற பஸ்ஸில்
சுருட்டிய சுவரொட்டிக்குத்
தனியாக ஓர் இருக்கை கொடுத்திருந்தேன்.
நாகமலை புதுக்கோட்டை ஸ்டாப்பில்
ஜன்னல் வழியே ஒரு துண்டு வந்து
அதன்மேல் விழுந்தது.
எறிந்த கையைக் காணவில்லை.
சுவரொட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு
கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.
ஆள் இன்னும் ஏறவில்லை.