இருபத்து மூன்று லிட்டர்

அக்கா வீட்டுக்குக் கிறிஸ்துமஸுக்குப் போகிறவன்
கேக் வாங்கிக்கொண்டு போகலாம்.
நான் எடுத்துப் போனது
ஒரு எஃகு அண்டா, ஐந்து கிலோ மால்ட்,
உறைந்துவிடாதிருக்கச் சட்டைக்குள் வைத்த ஈஸ்ட் குப்பி.
வின்னிபெக்கிலிருந்து சாஸ்கட்டூன் வரை
எட்டு மணி நேரம்
என் விலாவோடு ஒட்டிக்கொண்டு வந்தது அது.
பெட்ரோல் போட இறங்கும்போதெல்லாம்
தொட்டுப் பார்த்துக்கொண்டேன்,
கூட்டத்தில் பர்ஸைத் தொட்டுப் பார்க்கிறவன் மாதிரி.

‘இதென்ன, அடைகாக்கிறாயா?’ என்றாள் ஹாலினா.
அவள் கணவர் ஓரெஸ்ட்
அண்டாவை ஒரு முறை பார்த்தார்.
மைனஸ் முப்பத்தொன்று, என்றார்.
ஒன்பது வருடமாக எங்கள் பேச்சு
வானிலையைத் தாண்டியதில்லை.

ஜனவரி ஆறாம் தேதி இரவு
மேஜை விரிப்புக்கு அடியில் வைக்கோல்,
பன்னிரண்டு பதார்த்தம்,
யாரும் உட்காராத இடத்தில் ஒரு தட்டு.
ஏழாம் தேதி கோயில், தூக்கம், மறுபடி சாப்பாடு.
எட்டாம் தேதிதான் எனக்கு அடுப்பு கிடைத்தது.

வெந்த தானியம், லேசாகத் தீய்ந்த பாகு, ஈரச் சாக்கு:
வீடே அந்த வாசனை.
பதினொரு வயது லெஸ்யா வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு
ஹாக்கி வர்ணனையாளர் குரலில்
அறுபத்தாறு, அறுபத்தேழு, இதோ மறுபடி அறுபத்தாறு!
பண்டிகையில் மிஞ்சிய தேனை
ஹாலினா கேட்காமலே ஊற்றிவிட்டாள்.
நான் எழுதி வைத்திருந்த கணக்கெல்லாம் அத்தோடு சரி.
ஹாப்ஸ் போட்டதும் பொங்கியது.
அடுப்பு, தரை, என் காலுறை.
‘உன் வீட்டிலும் இப்படித்தான் செய்வாயா?’
இல்லை, என்றேன்.
பொய்.

கொதித்ததைச் சீக்கிரம் ஆற்ற வேண்டும்.
வாசலுக்கு வெளியே ஒரு மாகாணம் முழுக்கக் குளிர்.
இடுப்பளவு பனியில் அண்டாவைப் புதைத்துவிட்டு
கையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தேன்.
அரை மணி கழித்தும் எண்பத்தெட்டு டிகிரி.

ஓரெஸ்ட் பூட்ஸ் மாட்டினார்.
கர்லிங் அரங்கில் தளம் போடுகிறவர்.
தண்ணீரை உறையவைத்தே
இருபது வருடம் சம்பளம் வாங்கியவர்.
அண்டாவைச் சுற்றிப் பனி உருகி ஒரு குகை;
உள்ளே அது
கரடி மாதிரி சுகமாக உட்கார்ந்திருந்தது.

‘பனி ஆற்றாது. போர்த்தும்,’ என்றார்.

லெஸ்யாவைக் குழந்தையில் குளிப்பாட்டிய தொட்டியில்
பனியும் தண்ணீரும் இரண்டு படி உப்பும் போட்டுக் கூழாக்கி,
ஆளுக்கொரு காதாகப் பிடித்து
அண்டாவை இறக்கினோம்.
நீ கலக்கு.
கலக்கினேன். இமையில் உறைபனி கட்டியது.
‘இந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம்.
என் தளத்துக்கு ஆகாது. பீருக்கு?’
கறுப்பு பீருக்கு ஆகும், என்றேன்.
அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது என்று
பிறகுதான் உறைத்தது.

இருபது டிகிரி. பதினேழே நிமிடம்.
சட்டைக்குள்ளிருந்து குப்பியை எடுத்து ஊற்றினேன்.
விலாவில் அந்த இடம் மட்டும்
கொஞ்ச நேரம் குளிர்ந்தது.

பீர் குடிக்கிற பதத்துக்கு வர ஒன்றரை மாதம்.
என் விடுப்போ பத்தாம் தேதியோடு முடிந்தது.
நிலவறையில், கொதிகலனுக்குப் பக்கத்தில்
ஜாடியை விட்டுவிட்டு வந்தேன்.
அதன் கழுத்தில் ஒரு சீட்டு: திறந்து பார்க்காதே.

யாருக்கும் போன் செய்யாத மனிதர்
பன்னிரண்டாம் தேதி இரவு அழைத்தார்.
நிமிடத்துக்குப் பதினான்கு குமிழி.
பதினைந்தாம் தேதி, ஆறு.
பத்தொன்பதாம் தேதி குரல் தணிந்திருந்தது:
‘மூச்சு நின்றுவிட்டது.’
சாகவில்லை, சாப்பிட்டு முடித்துவிட்டது என்றேன்.
‘சரி,’ என்றார். வைக்கவில்லை.
அந்தப் பக்கம் கொதிகலன் உறுமிக்கொண்டிருந்தது.

பிப்ரவரிக் கடைசியில் பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள்.
எப்படி இருக்கிறது?
‘புளிப்பு. உன் அக்காவின் தேன்.’
கொட்டிவிடுங்கள்.
‘ஆறு பாட்டில் உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.’
கொஞ்சம் சும்மா இருந்தார். பிறகு,
‘இங்கே மைனஸ் பத்தொன்பது.’

இங்கே பதினேழு, என்றேன்.
காற்று வேறு.